பாதியில் வைத்துவிட்டுப் போகிற மாதிரி ஸ்வெட்டர் பின்னுவது எப்படி

பின்னத் தெரிந்தவர்கள் வீட்டில் பெரும்பாலும் ஒரு பாதி ஸ்வெட்டர் இருக்கும். என்னிடம் மூன்று இருந்தன. அதில் ஒன்று, மூத்தவளுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது ஆரம்பித்த நீல ஸ்வெட்டர். உடம்புப் பகுதி முடிந்து ஒரு கையும் முடிந்திருந்தது, அப்புறம் இளையவன் பிறந்தான், வீடு மாறினோம், பை பரணுக்குப் போய்விட்டது. எட்டு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் எந்த ஊசியில் பின்னினேன், முதல் கையில் எத்தனை வரிசைக்கு ஒருமுறை கண்ணி குறைத்தேன், எதுவும் நினைவில்லை. நேரம் கிடைத்தும் பின்ன முடியாமல் உட்கார்ந்திருந்த அந்த மத்தியானம்தான் ஒன்று புரிந்தது: நேரம் இல்லாததால் மட்டும் இது நிற்கவில்லை, நிறுத்தின இடத்தை எனக்கே சொல்லி வைக்காமல் நிறுத்தினேன், அதுதான் கோளாறு.

ஆகவே இங்கே சொல்லப்போவது வேகமாகப் பின்னுவதைப் பற்றி அல்ல. யாரோ கூப்பிட்டால் சட்டென்று வைத்துவிட்டுப் போய், பத்து நிமிடமோ பத்து மாதமோ கழித்து வந்து தொடர முடிகிற மாதிரி ஒரு ஸ்வெட்டரை எப்படித் திட்டமிடுவது என்பதைப் பற்றி. நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைப் பின்னல்களும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கண்ணி என்று நான் சொல்வது ஊசியில் வரிசையாக நிற்கும் ஒவ்வொரு வளையத்தையும். ஸ்டிச் என்று சொல்லிப் பழகியவர்கள் அப்படியே படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் நூல். நிறத்தைப் பார்த்து மயங்குவதற்கு முன்னால், வீட்டில் துணி துவைப்பவர் யாரோ அவரை மனதில் வைத்து நூல் வாங்குங்கள். சாதாரண கம்பளி நூல், வெந்நீரும் மெஷினின் குலுக்கலும் சேர்ந்தால் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சுருங்கி, பொம்மைக்குப் போடும் அளவுக்கு வந்துவிடும், அதைத் திருப்பி நீட்டவே முடியாது. குழந்தைகளுக்கு என்றால் மெஷினில் துவைக்கலாம் என்று லேபிளில் இருக்கும் சூப்பர்வாஷ் கம்பளியோ அக்ரிலிக்கோ நிம்மதி. அக்ரிலிக்கில் சூடான இஸ்திரிப் பெட்டியை மட்டும் வைக்காதீர்கள், இழை உருகித் தொளதொளவென்று ஆகிவிடும். பருத்தி நூல் உடம்புக்கு இதமாக இருக்கும், ஆனால் கனம் அதிகம், கம்பளி மாதிரி இழுத்தால் திரும்பி வராது, அதனால் பெரிய ஸ்வெட்டர் போகப்போகக் கீழே தொங்கும். எதை வாங்கினாலும் ஒரு உருண்டை கூடுதலாக வாங்குங்கள், எல்லா லேபிளிலும் சாய எண், அதாவது ஒரே தடவையில் சாயம் போட்ட நூலுக்கெல்லாம் தரும் எண், ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே நிறம் போலத் தெரியும் இரண்டு சாய எண்கள், பின்னி முடித்தபின் வெளிச்சத்தில் தனித்தனியாகப் பட்டை போட்டுத் தெரியும். பாதியில் ஒரு வருடம் நின்றுபோகிற வேலைக்கு இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் திரும்பிப் போகும்போது அந்தச் சாய எண் கிடைக்காது.

அடுத்து மாதிரித் துண்டு. எல்லோரும் தாண்டிப் போக ஆசைப்படும் இடம் இதுதான், நானும் பல தடவை தாண்டியிருக்கிறேன், பல தடவை பிரித்திருக்கிறேன். 15 செ.மீ. சதுரமாவது பின்னி, ஸ்வெட்டரை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே அதையும் துவைத்துக் காயவைத்து, நடுவில் 10 செ.மீ. அகலத்துக்கு எத்தனை கண்ணி, 10 செ.மீ. உயரத்துக்கு எத்தனை வரிசை என்று எண்ணுங்கள். நடுத்தரக் கனமுள்ள நூலில் 4 மி.மீ. ஊசிக்கு அகலத்தில் 22 கண்ணி, உயரத்தில் 30 வரிசை அளவில் வரலாம்; உங்கள் கைக்கு என்ன வருகிறதோ அதுதான் கணக்கு. குழந்தையின் மார்புச் சுற்றளவு 53 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். தொளதொளப்புக்கு 7 செ.மீ. சேர்த்தால் 60. செ.மீ.க்கு 2.2 கண்ணி, ஆக 132 கண்ணி. இதே 132 கண்ணியை, கை கொஞ்சம் தளர்ந்து 10 செ.மீ.க்கு 20 வருகிற மாதிரி பின்னினால் சுற்றளவு 66 செ.மீ. ஆகிவிடும், இறுகி 24 வந்தால் 55 செ.மீ., அதாவது தலை வழியாகப் போடும்போதே அழுகை. இரண்டே கண்ணி வித்தியாசம், அவ்வளவுதான்.

இதில் இன்னொன்று உண்டு. மனம் படபடப்பாக இருக்கும் நாட்களில் என் கை இறுகிவிடும். ஆஸ்பத்திரி வராந்தாவில் பின்னிய பகுதியும் வீட்டில் நிதானமாகப் பின்னிய பகுதியும் ஒரே ஸ்வெட்டரில் இருந்தால் இரண்டுக்கும் நடுவே கோடு மாதிரி தெரியும், துவைத்தால் கொஞ்சம் சமனாகும், முழுக்கப் போகாது. அதனால் நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்பும்போது நேரே ஸ்வெட்டரில் கை வைக்காமல், மிச்ச நூலில் பத்து வரிசை பின்னி எண்ணிப் பாருங்கள். இறுக்கமாக வந்தால் கால் அல்லது அரை மி.மீ. பெரிய ஊசிக்கு மாறுங்கள். ஸ்வெட்டரின் இரண்டு கைகளையும் ஒரே சமயத்தில், நீளமான வட்ட ஊசியில் (இரு முனைகளையும் வளையும் கம்பி இணைக்கும் சர்க்குலர் ஊசி) இரண்டு தனி உருண்டைகள் வைத்து, முன்னும் பின்னுமாகப் பின்னுவதும் இதற்காகத்தான். ஒரு வரிசை இடது கை, ஒரு வரிசை வலது கை என்று போய்க்கொண்டே இருந்தால் எப்போது நின்றாலும் இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கும்.

அளவு எடுக்கும்போது இன்றைய உடம்பை அளக்காதீர்கள், முடிக்கப்போகும் நாளின் உடம்பை யோசியுங்கள். அந்த நாள் எது என்று கணக்குப் போட முடியும். பத்து நிமிடம் அலாரம் வைத்துக்கொண்டு உங்களுக்கு எத்தனை கண்ணி பின்ன முடிகிறது என்று எண்ணுங்கள். நிமிடத்துக்கு 20 என்று வந்தால், மேலே சொன்ன 132 கண்ணி வட்டத்தில், அக்குளுக்குக் கீழே 20 செ.மீ. நீளத்துக்கு 60 சுற்று, மொத்தம் 7,920 கண்ணி, 396 நிமிடம். தினம் 20 நிமிடம் கிடைத்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் 20 நாள். கழுத்து, தோள், கைகள், தையல் எல்லாம் தனி. காய்ச்சல் வருகிற நாள், விருந்தாளி வருகிற நாள், எதுவும் செய்யத் தோன்றாத நாள் எல்லாவற்றையும் சேர்த்து அதை இரண்டால் பெருக்குங்கள். நான் மூன்றால் பெருக்குகிறேன். வளருகிற குழந்தைக்கு அடுத்த வயதின் அளவை எடுத்துப் பின்னிவிட்டு, முதல் வருடம் கையை மடித்துவிட்டுப் போடலாம்.

வடிவத்தில் என் கட்சி இப்போது ஒன்றுதான்: கழுத்தில் ஆரம்பித்துக் கீழே இறங்கும் ராக்லான், அதாவது கை கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்வான கோட்டில் உடம்போடு சேரும் வடிவம். கழுத்துக்குக் கண்ணி போட்டு, முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கைகள் என்று நான்காகப் பிரித்து நடுநடுவே நான்கு அடையாள வளையங்கள் மாட்டிக்கொண்டு, ஒன்றுவிட்டு ஒரு சுற்றில் ஒவ்வொரு வளையத்துக்கும் இருபுறமும் ஒரு கண்ணி கூட்டினால், அந்தச் சுற்றுக்கு 8 கண்ணி கூடும். அக்குள் வரை வந்ததும் கைக்கான கண்ணிகளை வேறு நிற நூலில் கோத்து ஒதுக்கிவிட்டு, அக்குளில் சில கண்ணிகள் புதிதாகப் போட்டு உடம்பைத் தொடர வேண்டியதுதான். நடுவில் எந்த நாளிலும் கண்ணிகளை நீளமான நூலில் இறக்கி, போட்டுப் பார்க்கலாம். நூல் தீர்ந்தால் கையில்லாத ஸ்வெட்டராக முடித்துவிடலாம். அடுத்த வருடம் கை குட்டையாகிவிட்டால் மணிக்கட்டு பார்டரைப் பிரித்து அங்கிருந்தே நீட்டலாம். கீழிருந்து மேலே, துண்டு துண்டாகப் பின்னித் தைப்பவற்றில் இந்தச் சௌகரியம் கிடையாது, ஆனால் தையல் இருப்பதால் அவை இன்னும் கச்சிதமாக உருக்குலையாமல் நிற்கும் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதும் சரிதான்.

உடம்பு மாறப்போகிறது என்று தெரிந்தவர்களுக்கு முன்பக்கம் திறந்த கார்டிகன் பின்னுங்கள். கர்ப்பிணிகள், நோயிலிருந்து எழுந்து வருபவர்கள், எடை ஏறி இறங்குபவர்கள். மாமனாருக்கு 102 செ.மீ. மார்புக்கு ஸ்வெட்டர் ஆரம்பித்தேன், நடுவில் அவருக்கு உடம்பு முடியாமல் போய், தேறி வந்தபோது 92. பத்து செ.மீ. என்றால் 22 கண்ணி, அதை எங்கேயும் ஒளிக்க முடியாது. முதுகுத் துண்டு முழுதாக முடிந்திருந்தது. இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு மூன்றாம் நாள் பிரித்தேன். நான் இழுக்க, மூத்தவள் உருண்டை சுற்ற, மூன்று வாரத்து வேலை அரைமணி நேரத்தில் தீர்ந்தது. “இன்னொண்ணு பிரிக்கலாமாம்மா?” என்று கேட்டாள். மாமனார் கட்டிலில் இருந்தபடியே “எனக்கு இருக்கிறதே போதும்மா, சிரமப்படாதே” என்றார். அடுத்து பின்னியது கார்டிகன். பட்டனை மூன்று நான்கு செ.மீ. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் மாற்றித் தைத்தால் போதும், அவரோடு சேர்ந்து அதுவும் ஏறி இறங்கும்.

பிரித்த நூலை அப்படியே பின்னாதீர்கள், நூடுல்ஸ் மாதிரி சுருண்டிருக்கும், கண்ணி சமமாக விழாது. நாற்காலி முதுகில் பெரிய வளையமாகச் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் அரைமணி ஊறவைத்து, முறுக்காமல் துண்டில் வைத்து அழுத்தி, தொங்கவிட்டுக் காயவிடுங்கள். கம்பளி பெரும்பாலும் நேராகிவிடும்.

இனி, நிறுத்தும் விதம். ஒவ்வொரு ஸ்வெட்டருக்கும் ஒரு பை, பைக்குள் ஒரு தாள். தாளில் ஊசியின் அளவு, மாதிரித் துண்டில் துவைக்கும் முன்னும் பின்னும் எண்ணிய கண்ணி, ஆரம்பித்த எண்ணிக்கை, நூல் லேபிள், அடுத்து செய்ய வேண்டியது என்ன. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம், முடித்ததை எழுதுவதைவிட அடுத்ததை எழுதுங்கள். ‘48ஆவது சுற்று முடிந்தது’ என்பதைவிட ‘அடுத்தது 49, கண்ணி கூட்டும் சுற்று’ என்று இருந்தால் தூக்கக் கலக்கத்திலும் புரியும். அப்படியே தாளையும் பின்னலையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள், தாளைச் சின்னவன் தின்றுவிடலாம். ஊசி அளவை எழுதச் சொல்வதற்குக் காரணம், ஊசியைக் கடன் வாங்கி வேறு வேலைக்குக் கொண்டுபோகும் பழக்கம் எனக்கு உண்டு, நீல ஸ்வெட்டருக்கு நடந்தது அதுதான்.

வரிசை நடுவில் வைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது உருண்டையிலிருந்து வரும் நூல் எந்த ஊசியில் தொங்குகிறதோ அது வலது கைக்கு. இதைத் தெரியாமல் திருப்பிப் பிடித்துப் பின்னினால் நடுவில் பள்ளம் விழும். ரிப் (நிட்டும் பர்லும் மாறி மாறி வரும் பின்னல்) பின்னும்போது நின்றுபோனால் கடைசிக் கண்ணியைப் பாருங்கள், கழுத்தடியில் குமிழ் மாதிரி இருந்தால் அது பர்ல், மழமழவென்று கூம்பாக இறங்கினால் நிட்.

காப்பு நூல் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். சுமார் பத்து செ.மீ. உயரத்துக்கு ஒருமுறை, வேறு நிறத்தில் வழவழப்பான மெல்லிய நூலை மொட்டை முனைத் தையல் ஊசியில் கோத்து, பின்னல் ஊசியில் நிற்கும் எல்லாக் கண்ணிகள் வழியாகவும் ஓட்டி விட்டுவிடுங்கள், அடையாள வளையத்துக்குள் மட்டும் போகக் கூடாது, போனால் வளையம் அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஒரு நாள் வாசலில் யாரோ கூப்பிட எழுந்து போய் வந்தேன், சின்னவன் சர்க்குலர் ஊசியை உருவி அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். 132 கண்ணியும் வாயைத் திறந்துகொண்டு நின்றன, சில இடங்களில் நான்கைந்து வரிசை கீழே ஓடியும் போயிருந்தது. ஆறு வரிசைக்குக் கீழே காப்பு நூல் இருந்தது. அதுவரை பிரித்து, கண்ணிகளை ஊசியில் ஏற்றி, அன்று ராத்திரியே அந்த ஆறு வரிசையையும் பின்னிவிட்டேன். அன்றிலிருந்து ஊசி முனையில் ரப்பர் மூடி போடாமல் எழுவதில்லை. அது கண்ணிக்கும் காப்பு, பிள்ளையின் கண்ணுக்கும் காப்பு.

எப்போது எதைப் பின்னுவது என்பதற்கு நான் வைத்திருக்கும் ஏற்பாடு எளிது. பேச்சு நடக்கும் இடம், காத்திருக்கும் வரிசை, வீட்டுப்பாடம் சொல்லித்தரும் நேரம், இதற்கெல்லாம் உடம்பின் நேரான சுற்றுகள். கழுத்துப் பிரிப்பு, கண்ணி கூட்டல், கை பிரிப்பு எல்லாம் வீடு தூங்கியபின். ரொம்ப மோசமான வாரங்களில் ஸ்வெட்டரைத் தொடவே மாட்டேன், கார்ட்டர் ஸ்டிச்சில் ஒரு மஃப்ளர் ஓடிக்கொண்டிருக்கும், எல்லா வரிசையும் நிட், ஒரு மேடு எண்ணினால் இரண்டு வரிசை, தப்பவே வழியில்லை. அரைமணிக்கு ஒருமுறை விரலை நீட்டி மடக்குங்கள். மணிக்கட்டு வலித்தால் ‘இந்த வரிசை மட்டும்’ என்று தொடராதீர்கள்.

முடிக்கும்போது நூல் முனைகளை ஐந்தாறு செ.மீ.யாவது பின்பக்கம் திசை மாற்றிக் கோத்துவிடுங்கள், முடிச்சு போட்டு ஒட்ட வெட்டினால் அவிழும். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குப் பட்டனும் கழுத்துக் கயிறும் வேண்டாம், பட்டன் வாய்க்குப் போகும், கயிறு எதிலாவது மாட்டும். நனைத்துத் துண்டில் சுருட்டி, முறுக்காமல் அழுத்தி, தரையில் விரித்து, டேப்பால் அளந்து ஒழுங்குபடுத்திக் காயவிடுங்கள், கொடியில் போட்டால் இழுத்துக்கொண்டு நீளும்.

மிச்ச நூலையும் லேபிளையும் அந்தத் தாளையும் ஒரே கவரில் போட்டு யாருடைய ஸ்வெட்டர் என்று மேலே எழுதி வையுங்கள். நீல ஸ்வெட்டரின் இரண்டாவது கையை, முதல் கையின் மேடு பள்ளங்களைப் பூதக்கண்ணாடி வைத்து எண்ணித்தான் முடித்தேன். அதற்குள் மூத்தவளுக்கு அது பத்தவில்லை, இளையவனுக்குச் சரியாக இருந்தது. கவரின் மேல் அவள் பெயரை அடித்து அவன் பெயரை எழுதியிருக்கிறேன்.