படுக்கையில் இருப்பவரை வீட்டில் பராமரித்தல்: கம்பம் பள்ளத்தாக்குக் குடும்பங்களுக்குச் சில செவிலியக் குறிப்புகள்

பக்கவாதம் வந்தவரைத் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, குமுளி வழியாக மலையேறிக் கேரளத்தின் கோட்டயம் மருத்துவக் கல்லூரியிலோ சேர்த்து, உயிர் தப்பியபின் வீட்டுக்கு அழைத்து வரும் குடும்பங்கள் கூடலூர், கம்பம் பக்கத்தில் பல உண்டு. மருத்துவமனையில் மூன்று ஷிப்டுகளாகச் செவிலியர்கள் செய்த வேலை அன்று முதல் மனைவி, மகள், மருமகள் ஆகியோரின் கைக்கு வந்துவிடுகிறது. படுக்கைப் புண், உணவு புரையேறி நுரையீரலில் சளி கட்டுதல், சிறுநீர்த் தொற்று என இதற்குப் பிறகு நோயாளியைத் திரும்பவும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் தொல்லைகளை மாத்திரை மட்டும் தடுத்துவிடாது. கண்ணால் பார்த்தும் கையால் செய்தும்தான் அவற்றைத் தடுக்க வேண்டும்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். காலையும் மாலையும் காய்ச்சல், நாடித்துடிப்பு, மூச்சு, பி.பி. ஆகிய நான்கையும் நேரத்தோடு அதில் எழுத வேண்டும். ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100 வரையும், மூச்சு 12 முதல் 20 வரையும் இருப்பது இயல்பு. நாடியைக் கட்டைவிரலால் பார்க்கக் கூடாது, ஏனெனில் உங்கள் கட்டைவிரலின் துடிப்பே உங்களைக் குழப்பும். அவருடைய மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக இரண்டு விரல்களை வைத்து எண்ண வேண்டும். அப்படி எண்ணி முடித்தபின் கையை எடுக்காமல், அவருக்குச் சொல்லாமலேயே மார்பு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள், ஏனெனில் யாரோ எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் மூச்சின் வேகம் மாறிவிடும். பி.பி.யை ஐந்து நிமிட ஓய்வுக்குப் பின், செயலிழக்காத கையில், சட்டைத் துணியின் மேல் அல்லாமல் வெறும் கையில் சுற்றிப் பார்க்க வேண்டும். ஒரு நாள் அளவு கூடியிருப்பதைவிட, மூன்று நான்கு நாள்களாகச் சிறிது சிறிதாக ஏறிவருவதுதான் மருத்துவருக்குப் பயனுள்ள செய்தி. நோட்டு இல்லாவிட்டால் அது யாருக்கும் தெரியாது.

நோயாளியைத் தொடும் முன்னும் தொட்ட பின்னும் சோப்புப் போட்டு, விரலிடுக்கு, நகக்கண், கட்டைவிரல் எல்லாம் படும்படி, 40 முதல் 60 விநாடி வரை கை கழுவ வேண்டும். ஏலத்தோட்ட வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் ஒன்றைக் கூடுதலாகச் செய்ய வேண்டும்: செடிகளுக்கு அடித்த பூச்சிமருந்து உடையிலும் கையிலும் ஒட்டியிருக்கும் என்பதால், ஜீப்பை விட்டு இறங்கி வந்ததும் குளித்து, வேறு உடை மாற்றிய பிறகே படுக்கையருகில் வர வேண்டும்.

இனித் தோலைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே பக்கமாகக் கிடப்பவருக்கு எலும்பு துருத்தும் இடங்களில் இரத்த ஓட்டம் நசுங்கிப்போவதால் படுக்கைப் புண் உண்டாகிறது. முதுகின் அடியில் இருக்கும் திருவெலும்பு, இடுப்பின் இருபுறம், குதிகால், கணுக்கால், முழங்கை, தோள்பட்டை, பின்மண்டை ஆகிய இடங்களை நாளுக்கு இருமுறையாவது நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் சில விநாடி அழுத்தி எடுத்தால் வெளுத்து மீண்டும் நிறம் வர வேண்டும். வெளுக்காமல் அப்படியே இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். நம்மில் பலருடைய கருத்த தோலில் இந்தச் சிவப்பு கண்ணுக்கு எளிதில் தெரியாது. அங்கே புறங்கையை வைத்துப் பார்த்தால், சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ, இறுகியோ, கொழகொழவென்றோ இருக்கும்; நிறமும் ஊதா கலந்து கறுத்திருக்கும். அந்த இடத்தில் எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்ப்பது நல்லெண்ணத்தோடு செய்யும் கெடுதல், ஏனெனில் உள்ளே நைந்திருக்கும் தசை அதனால் மேலும் கிழியும். வறண்ட தோலில் தேங்காய் எண்ணெயை மெல்லத் தடவுவதில் தவறில்லை.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியை வலம், மல்லாக்க, இடம் என மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். திருப்பும் முன் அவரிடம் சொல்லுங்கள். பேச்சு வராதவருக்கும் பெரும்பாலும் காது கேட்கும். “மாமா, இந்தப் பக்கமாத் திருப்பப் போறேன், பயப்படாதீங்க” என்று மருமகள் சொல்லிவிட்டுத் தொட்டால் அவர் உடம்பை இறுக்கிக்கொள்ள மாட்டார். எந்தப் பக்கம் திருப்ப வேண்டுமோ அந்தப் பக்கத்தில் நீங்கள் நின்றுகொண்டு, அவருடைய எதிர்ப்பக்கக் கையை மார்பின் மேல் வைத்து, எதிர்ப்பக்க முழங்காலை மடக்கி, ஒரு கையைத் தோள்பட்டையின் பின்னும் மறு கையை இடுப்பின் பின்னும் கொடுத்து உங்களை நோக்கி உருட்ட வேண்டும். செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தோள்மூட்டு நழுவி, பின்னால் மாதக்கணக்கில் வலிக்கும். முழுவதுமாக ஒருக்களிக்காமல், முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை கொடுத்து 30 பாகை சாய்வில் நிறுத்தினால் இடுப்பெலும்பின் மேல் முழு எடையும் விழாது. முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணையும், மல்லாக்கப் படுக்கும்போது குதிகால் மெத்தையில் படாமல் நிற்கும்படி கெண்டைக்காலின் கீழ் ஒன்றும் வேண்டும். நடுவில் துளையுள்ள வளையத் தலையணையை வாங்காதீர்கள். அதன் விளிம்பு சுற்றிலும் அழுத்தி, நடுவிலுள்ள தோலுக்கு இரத்தம் போகாமல் தடுக்கும். படுக்கையில் கீழே சரிந்தவரை அக்குளில் கைகொடுத்து இழுக்காமல், இடுப்பின் கீழ் மடித்துப் போட்ட போர்வையை இருபுறமும் இருவர் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும்.

வீட்டில் இளையவர்கள் விடியுமுன் ஜீப்பில் தோட்டத்துக்குப் போய்விட, வயதான மனைவி மட்டும் துணையிருக்கும் வீடுகளில் இந்த இரண்டு மணிக் கணக்கு எப்படி நடக்கும் என்று கேட்பது நியாயமே. புறப்படும்போது ஒருமுறையும் திரும்பியதும் ஒருமுறையும் முழுமையாகத் திருப்பிவிட்டு, நடுவே முதுகுத் தலையணையைச் சற்று உருவியும் சற்றுச் செருகியும் சாய்வை மாற்ற அந்த மனைவிக்குப் பழக்கிக் கொடுக்கலாம். நண்பகலில் பக்கத்து வீட்டார் ஒருவர் வந்து முழுத் திருப்பலுக்குக் கைகொடுத்தால் போதும். காற்று மெத்தை இருந்தாலும் இந்த வேலை குறையாது. அதை விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

தோல் கிழிந்துவிட்டால் மஞ்சள்தூள், காப்பித்தூள், பச்சிலை எதுவும் போடாதீர்கள். அரை லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு சிறு தேக்கரண்டி உப்பைக் கரைத்துக் கழுவி, சுத்தமான துணியால் மூடிவிட்டு, அன்றே செவிலியரிடம் காட்டுங்கள்.

அடுத்தது வாய்வழி உணவு. விழுங்கலாம் என்று மருத்துவமனையில் சோதித்துச் சொன்ன பிறகே எதையும் வாயில் கொடுக்க வேண்டும். படுத்த நிலையிலோ அரைத் தூக்கத்திலோ ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கூடாது. நிமிர்ந்து உட்காரவைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லி, நல்ல பக்கக் கன்னத்தில் சிறு கரண்டியால் ஊட்டி, ஒன்றை விழுங்கியபின் அடுத்ததைக் கொடுங்கள். தண்ணீரும் நீராகாரமும் விரைந்து ஓடுவதால் எளிதில் புரையேறும். கெட்டியான கஞ்சியும் குழைத்த இட்லியும் அவ்வளவு எளிதில் ஏறாது. விழுங்கியதும் இருமினாலோ, குரல் தொண்டையில் நீர் தேங்கியதுபோல் கரகரத்தாலோ நிறுத்திவிட வேண்டும். சாப்பிட்டபின் அரைமணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். செயலிழந்த பக்கக் கன்னத்தில் உணவு ஒதுங்கியிருக்கும். விரலில் துணி சுற்றித் துழாவி எடுங்கள். மூக்குக் குழாய் உள்ளவருக்கு, மூக்கருகே போட்ட அடையாளம் நகர்ந்திருந்தால் நீங்களாக உள்ளே தள்ளாமல், உணவை நிறுத்திவிட்டுச் செவிலியரை அழைக்க வேண்டும். வாய்வழியே உண்ணாதவருக்கும் நாளுக்கு இருமுறை பல்லும் நாக்கும் துலக்க வேண்டும், ஏனெனில் அழுக்கான வாயிலிருந்து இறங்கும் எச்சில்தான் நுரையீரலைக் கெடுக்கிறது.

சிறுநீர்க் குழாய் இருந்தால் பையை எப்போதும் அடிவயிற்றுக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல் தொங்கவிடுங்கள். குழாயைச் சுற்றி நாள்தோறும் சோப்பு நீரால் கழுவுங்கள். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும்.

எல்லைப்புறக் குடும்பங்களுக்கே உரிய ஓர் ஆபத்து மாத்திரைகளில் இருக்கிறது. கோட்டயத்து மருத்துவர் கம்பெனிப் பெயரில் எழுதிய பி.பி. மாத்திரையும், உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தந்த அம்லோடிபினும் நிறத்திலும் அட்டையிலும் வேறுவேறாக இருந்தாலும், ஒரே மருந்தாக இருக்கக்கூடும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்து அவர் மயங்கிச் சாய்ந்தால், நோய் முற்றிவிட்டது என்று வீட்டில் அழுவார்கள். எனவே ஒவ்வோர் அட்டையிலும் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராம் அளவையும் நோட்டில் எழுதி, இரண்டு பக்கத்து அட்டைகளையும் ஒரே பையில் போட்டு, எந்த மருத்துவரிடம் போனாலும் மேசையில் கொட்டிக் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

நோயாளியோடு வீட்டிலுள்ள மற்றவர்களையும் கவனிப்பது செவிலியத்தின் இன்னொரு பாதி. ஒருவருக்குப் பக்கவாதம் வந்த வீட்டில், 30 வயதைக் கடந்த ஒவ்வொருவரும் பி.பி.யும் சுகரும் பார்த்துக்கொள்ள வேண்டும். 140/90க்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் தலைவலி இல்லையே என்று விட்டுவிடக் கூடாது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு போதும். ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் அந்தக் கணக்கில் சேரும். 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்படி பி.பி., சுகர் மாத்திரைகளும், இயன்முறைச் சிகிச்சையும், படுக்கையில் இருப்பவருக்கான பராமரிப்பும் வீட்டுக்கே வரும். கேரளத்தில் வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கத் தோட்ட லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், தங்கியிருப்பவர்கள் அங்குள்ள பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் (நோய்த் துயர் தணிக்கும்) செவிலியரைக் கேளுங்கள். 2008 முதல் கேரள அரசு அந்தப் பராமரிப்பைக் கொள்கையாகவே வைத்திருக்கிறது.

வாய் கோணுதல், ஒரு கை தளர்ந்து விழுதல், பேச்சுக் குளறுதல் ஆகியவற்றில் ஒன்று புதிதாகத் தோன்றினாலும் இரு மாநிலத்திலும் 108ஐ அழைக்கலாம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். மலைப்பாதைப் பயணமும் இதற்குள் அடக்கம் என்பதால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தண்ணீரோ மாத்திரையோ வாயில் புகட்டாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து, நோட்டையும் மாத்திரைப் பையையும் எடுத்துக்கொண்டு, அவர் கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்தை அந்த நோட்டிலேயே எழுதி வண்டியில் ஏறுங்கள்; ஊசி போடலாமா என்று முடிவுசெய்யும் மருத்துவர் முதலில் கேட்பது அந்த நேரத்தைத்தான்.