'சர்வர் வரல, என்ன பார்ப்பீங்க?': கிளவுட் இன்டர்வியூவின் டிரபிள்ஷூட்டிங் சுற்று

கிளவுட் இன்ஃப்ரா வேலைக்கான இன்டர்வியூவில் சர்வீஸ் பெயர்களைக் கேட்கும் பகுதி சீக்கிரம் முடிந்துவிடும். ஆளைக் கழித்துக்கட்டுவது டிரபிள்ஷூட்டிங் சுற்றுதான். வழக்கமான கேள்வி: "ஏடபிள்யூஎஸ்ஸில் ஒரு ஈசி2 மெஷின் ஓடுது. 443 போர்ட்டுக்குப் போனா வரல. என்ன பார்ப்பீங்க?" (ஏடபிள்யூஎஸ் என்பது அமேசானின் கிளவுட், ஈசி2 அதில் வாடகைக்கு எடுக்கும் சர்வர், 443 என்பது https இணைப்பு வரும் போர்ட்.)

"செக்யூரிட்டி குரூப்" (மெஷினுக்கு முன்னால் நிற்கும் ஃபயர்வால்) என்று எடுத்த எடுப்பில் சொல்லாதீர்கள். திருப்பிக் கேளுங்கள்: வருவது டைம்அவுட்டா (பதிலே வராமல் நேரம் முடிவது), 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டா'? ரெஃப்யூஸ்டு என்றால் பாக்கெட் பெரும்பாலும் மெஷின் வரை போய்விட்டது. அந்த போர்ட்டில் எந்த புராசஸும் இல்லை, அல்லது இருக்கும் புராசஸ் 127.0.0.1ல் (மெஷினுக்குள்ளிருந்து மட்டும் எட்டும் முகவரி) மட்டும் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது. உள்ளே நுழைந்து எந்த போர்ட்டில் எது காது கொடுக்கிறது என்று காட்டும் 'எஸ்எஸ்' (ss) கட்டளை அடித்தால் தெரிந்துவிடும். டைம்அவுட் என்றால் பாக்கெட்டை வழியில் யாரோ விழுங்கிவிட்டார்கள். ரூட் டேபிள் (பாக்கெட் எந்த வழியில் போகும் என்ற பட்டியல்), செக்யூரிட்டி குரூப், நெட்வொர்க் ஏசிஎல் (சப்நெட் என்ற நெட்வொர்க் துண்டின் வாசலில் நிற்கும் ஃபயர்வால்) எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பலர் வழுக்குவது ஏசிஎல்லில். செக்யூரிட்டி குரூப் தான் உள்ளே விட்ட இணைப்பின் பதிலைத் தானாகவே வெளியே விடும். ஏசிஎல்லுக்கு அந்த ஞாபகம் கிடையாது. உள்ளே வர 443ஐ மட்டும் திறந்துவிட்டால், பதில் கிளையன்ட்டின் தற்காலிக போர்ட்டுக்குத் திரும்ப முடியாது. வெளியே போகும் பக்கம் 1024 முதல் 65535 வரை திறக்க வேண்டும். டீஃபால்ட் ஏசிஎல் எல்லாவற்றையும் அனுமதிப்பதால், நாமே உருவாக்கிய ஏசிஎல்லில்தான் இந்தச் சிக்கல் வரும். இந்த ஒரு வரியையும் சேர்த்துச் சொன்னால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

சப்நெட் கணக்கும் கேட்பார்கள். /28 அளவு சப்நெட்டில் 16 ஐபி முகவரி. ஏடபிள்யூஎஸ் 5 எடுத்துக்கொள்ளும், மீதி 11.

குபர்நெட்டீஸில் (கன்டெய்னர்களை ஓட்டிப் பராமரிக்கும் மென்பொருள்) பாட் (கன்டெய்னர்கள் ஓடும் அலகு) திரும்பத் திரும்ப விழுகிறது என்றால் "ரீஸ்டார்ட் பண்ணுவேன்" என்பது மோசமான பதில். அதுதான் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறதே! முந்தைய கன்டெய்னரின் லாகையும் எக்ஸிட் கோடையும் பாருங்கள். 137 என்றால் 128 கூட்டல் 9, அதாவது 'சிக்கில்' (SIGKILL, புராசஸைக் கட்டாயமாக நிறுத்தும் சிக்னல் எண் 9). பெரும்பாலும் மெமரி லிமிட்டைத் தாண்டியிருக்கும். பாட்டின் விவரம் காட்டும் 'டிஸ்கிரைப்' கட்டளையில் 'ஓஓஎம்கில்டு' (மெமரி போதாமல் கொல்லப்பட்டது) என்று இருந்தால் உறுதி.

டிஸ்க் நிரம்பிய கேள்வியில் ஒரு பொறி உண்டு. டிஸ்க் எவ்வளவு நிரம்பியது என்று சொல்லும் 'டிஎஃப்' (df) 100 சதவீதம் காட்டும், ஃபைல்களின் அளவைச் சொல்லும் 'டியூ'வில் (du) கூட்டினால் பாதிதான் வரும். அழித்த லாக் ஃபைலை ஏதோ புராசஸ் இன்னும் திறந்து வைத்திருக்கிறது. திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடும் 'எல்எஸ்ஓஎஃப்' (lsof) மூலம் அதைக் கண்டுபிடித்து அந்த புராசஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பிவிடும்.