காரம் என்று முதலிலேயே சொல்லாதீர்கள்

காரைக்குடிக்கு வெளியூர் விருந்தாளி வந்தால், இலை போடும்போதே "எங்க ஊர்ச் சாப்பாடு காரமா இருக்கும், பார்த்துச் சாப்பிடுங்க" என்று சொல்வது என் வழக்கம். அவர்களும் முதல் வாயிலேயே தண்ணீர்ச் சொம்பைத் தேடுவார்கள். போன மாதம் ஆச்சி என்னை முந்திக்கொண்டார். "கல்பாசியும் மராட்டி மொக்கும் போட்டிருக்கு, வாசம் பாருங்க" என்று மட்டும் சொன்னார். அதே கோழிக் குழம்பு, அதே மிளகுதான். வந்தவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

நாக்கு மட்டும் ருசி பார்ப்பதில்லை. மூளை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுகிறது. 2001இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து, ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேரிடம் கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய வார்த்தைகளாலேயே அதன் வாசனையை விவரித்தார்கள். படித்தவர்கள் பாடே இப்படி!

அதனால் ருசி பார்க்கச் சொல்லும்போது "உப்பு கூடிப்போச்சா?" என்று கேட்காதீர்கள், கேட்டாலே கரிக்கும். உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டு, "எப்படி இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். அடுப்படிப் பக்கமே வராத ஆள் இதற்குச் சரி. உப்பு நிஜமாகவே இரண்டு தடவை விழுந்திருந்தால் எந்தப் பேச்சும் உதவாது, கொஞ்சம் தேங்காய் அரைத்துவிட வேண்டியதுதான்.