எஸ்பெராந்தோ: சொற்பட்டியலைத் தள்ளி வைத்துவிட்டுத் தொடங்குங்கள்

பல நாட்டவரும் பேசிக்கொள்ளவென்று உருவாக்கப்பட்ட எஸ்பெராந்தோ மொழியைப் படிக்க வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் சொற்களை மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிடுகிறார்கள். வேண்டாம். இதை உருவாக்கிய கண் மருத்துவர் ஸாமென்ஹோஃப் 1887-ல் வார்சாவில் வெளியிட்ட முதல் நூலில் இருந்தவை 16 இலக்கண விதிகளும் சுமார் 900 வேர்ச்சொற்களும்தான். மற்றதைப் பேசுகிறவரே கட்டிக்கொள்ளலாம் என்று நம்பினார். அந்த நம்பிக்கைக்காகவே எனக்கு இந்த மொழி பிடிக்கும்.

முதலில் சொல்லின் கடைசியைப் பாருங்கள். பெயர்ச்சொல் 'ஓ'வில் முடியும், பெயரடை 'ஆ'வில். வினைக்கு இறந்தகாலம் 'இஸ்', நிகழ்காலம் 'ஆஸ்', எதிர்காலம் 'ஓஸ்'. நானோ அவர்களோ, யார் செய்தாலும் வினை மாறாது.

அப்புறம் ஒட்டுகள். இங்கே அவசரப்படாதீர்கள். 'சானா' என்றால் ஆரோக்கியமான. முன்னால் 'மால்' சேர்த்தால் எதிர்ப்பதம்: மால்சானா, நோயுற்ற. 'ஊல்' ஆளைக் குறிக்கும்: மால்சானூலோ, நோயாளி. 'ஏய்' இடத்தைக் குறிக்கும்: மால்சானூலேயோ, மருத்துவமனை. 'குயிரி' சமைப்பது என்று தெரிந்தால், சமையலறை குயிரேயோ என்று நீங்களே சொல்லிவிடலாம். புது வேர் எது கிடைத்தாலும் இப்படி ஒட்டிப் பாருங்கள்.

ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்களைத் திணறடிப்பது செயப்படுபொருளில் வரும் 'ன்'. நமக்கு அது 'ஐ' வேற்றுமை, அவ்வளவுதான். 'லா ஹுந்தோ மோர்தாஸ் லா காத்தோன்': நாய் பூனையைக் கடிக்கிறது. சொற்களை முன்பின்னாக மாற்றினாலும் கடிபடுவது பூனைதான். ஆனால் ஒன்று: நாம் 'தண்ணீர் குடித்தேன்' என்று 'ஐ'யை விட்டுவிடுவோம். அங்கே அது செல்லாது. 'ஆக்வோன்' என்றே சொல்லவேண்டும். பெயரடைக்கும் அதே 'ன்' உண்டு.

குறிப்பேட்டில் மட்டும் தமிழ் எழுத்தில் எழுதாதீர்கள். ரொட்டிக்கும் (pano) குளியலுக்கும் (bano) முதல் ஒலி மட்டுமே வேறு. நம் எழுத்தில் இரண்டுமே 'பானோ' ஆகிவிடும். ரோமன் எழுத்திலேயே எழுதி, உரக்கப் படியுங்கள். அழுத்தம் எப்போதும் கடைசிக்கு முந்தைய அசையில்.

பேசுவதைத் தள்ளிப் போடாதீர்கள். 1905-ல் பிரான்ஸின் பூலோன்-சூர்-மேரில் முதல் உலக மாநாடு கூடியபோது, பலர் அதுவரை இந்த மொழியைக் கடிதத்திலும் புத்தகத்திலும் மட்டுமே அறிந்தவர்கள். மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே பேசிக்கொண்டார்கள். லெர்னு இணையதளத்தில் இலவசப் பாடங்கள் உண்டு. அதில் சில பாடங்கள் முடிந்ததும், வேறு நாட்டுக்காரர் ஒருவரைப் பிடித்து, இன்று என்ன சமைத்தீர்கள் என்று கேட்டுத் தொடங்குங்கள்.