வாய் கோணலைப் பார்த்துக் கண்ணைக் கோட்டை விடாதீர்கள்

காதுப் பக்கம் கட்டி எடுத்த பிறகு முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டால் வீட்டில் எல்லோர் பார்வையும் வாய் மேல்தான். சிரித்தால் கோணுகிறது, தண்ணீர் ஒழுகுகிறது என்று கவலை. ஆனால் உடனே கவனிக்க வேண்டியது மூடாத கண்ணை.

முகத் தசைகளை அசைக்கும் ஏழாவது மூளை நரம்பு காது எலும்புக்குள் புகுந்து வெளியே வந்து, கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் கிளை பிரிகிறது. அதனால்தான் செவி நரம்புக் கட்டியை எடுத்தாலும், அந்தச் சுரப்பிக் கட்டியை எடுத்தாலும் முகம் பாதிக்கப்படலாம்.

இமை மூடாத கண் காய்ந்து கருவிழி புண்ணாகும். டாக்டர் சொன்ன சொட்டு மருந்தைப் பகலில் விட வேண்டும். இரவில் களிம்பு போட்டு, இமையை இழுத்து மூடி டேப் ஒட்ட வேண்டும். திறந்த கண் மேல் பஞ்சை வைத்துக் கட்டினால் பஞ்சே கருவிழியை உரசும். பன்னீர், தாய்ப்பால் எதுவும் வேண்டாம். ஃபேன் காற்று நேராக முகத்தில் அடிக்கக் கூடாது. "வலிக்கவே இல்லையே" என்று இருப்பதுதான் பெரிய ஆபத்து: செவி நரம்புக் கட்டியில், கண்ணுக்கும் முகத்துக்கும் உணர்ச்சி தரும் ஐந்தாவது நரம்பும் மரத்துப்போயிருந்தால் புண் வந்தாலும் வலிக்காது. கண் சிவந்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றே கண் டாக்டரிடம் போங்கள்.

அடுத்தது, முகத்துக்குப் பயிற்சி என்று பலர் சொல்லும் பலூன் ஊதுவதும் சூயிங்கம் மெல்லுவதும். மெல்லும் தசைகளை இயக்குவது ஐந்தாவது நரம்பு. நாள் முழுக்க மென்றாலும் முகத்துக்குப் பயிற்சியாகாது. பல்லைக் கடித்து, முக்கி முக்கிச் செய்யும் பயிற்சி கெடுதலாகக்கூட முடியலாம். நரம்பு திரும்ப வளரும்போது இழைகள் தடம் மாறி வேறு தசைக்குப் போய்ச் சேரலாம். அப்போது சிரித்தால் கண் தானாக மூடிக்கொள்ளும். கண்ணாடி முன்னால் மெதுவாக, சின்னச் சின்ன அசைவாக, இரண்டு பக்கமும் ஒத்துப்போகும்படி செய்வதே சரி. கரன்ட் வைக்கும் சிகிச்சையை ஆபரேஷன் செய்த டாக்டரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

"பக்கத்து வீட்டுக்காரருக்கு மூணு வாரத்துல சரியாச்சு" என்பார்கள். அவருக்கு வந்தது பெரும்பாலும் தானாக வரும் முகவாதம், கணக்கே வேறு. நரம்பு அப்படியே இருக்கிறதா, வெட்டி ஒட்டப்பட்டதா என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நரம்பு நாளுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. தான் வளரும், மாதக்கணக்கில் ஆகும். அதற்காக வருஷக்கணக்கில் காத்திருப்பதும் தவறு. ஆறு மாதம் தாண்டியும் துளி அசைவில்லை என்றால் நாக்கு நரம்பையோ மெல்லும் நரம்பையோ முக நரம்போடு இணைக்கும் அறுவை பற்றிப் பேசத் தொடங்க வேண்டும். ஒன்றரை வருஷம் போனால் தசையே சுருங்கி, அந்த வாய்ப்பு குறைந்துவிடும். கண்ணுக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை: மேல் இமைக்குள் சிறு தங்க எடை வைத்தால் இமை இறங்கி மூடும், நரம்பு திரும்பிவிட்டால் அதை எடுத்துவிடலாம்.