டீமில் பெயர் இல்லாத பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

கபடி அணிக்கு 12 பேர்தான், பயிற்சிக்கு வருவதோ இருபது முப்பது பேர். பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டு நழுவிவிடாதீர்கள் பி.டி. சார்களே, பிரேயரில் வாசிப்பது அதைவிடக் கொடுமை. இடம் கிடைக்காதவர்களை முந்தின நாள் சாயங்காலமே தனித்தனியாகக் கூப்பிட்டு இரண்டு நிமிடம் பேசுங்கள். "நல்லாத்தான் ஆடுறே, ஆனா..." என்று இழுக்காமல், "போனஸ் கோட்டைத் தாண்டும்போது உன் பின்கால் தரையை விட்டு எழவில்லை" என்று குறிப்பாகச் சொன்னால் பையனுக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று இருக்கும். அழுதால் அழட்டும், அவசரமாகச் சமாதானப்படுத்த வேண்டாம் (நமக்கும் தொண்டை அடைக்கும், அது வேறு). அப்புறம், "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள். 14 வயதுப் பிரிவைத் தாண்டுகிறவன் அடுத்து 17 வயதுப் பிரிவில் மீசை முளைத்த அண்ணன்களோடு அல்லவா மோத வேண்டும்.