மனம் விட்டுப்போனவர் ஆங்கிலத்தில் பேசும்போது எப்படிக் கேட்பது

ஆவணப்படப் பேட்டிகளுக்குத் தமிழ் வசனவரி எழுதுவது என் வேலை. பதினோரு வருடமாகச் செய்கிறேன். ஆரம்பத்தில் செய்த ஒரு தவறு இன்னும் உறுத்துகிறது. பிரிட்டனில் ஒரு பால்பண்ணைக்காரர், மாடுகளை எல்லாம் விற்றுவிட்டு, காலியான தொழுவத்தில் நின்றபடி ‘ஐம் அட் தி எண்ட் ஆஃப் மை டெதர்’ என்றார். டெதர் என்றால் கயிறு என்றது அகராதி. ‘கயிற்றின் முனையில் நிற்கிறேன்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். தமிழில் கயிறு என்றதும் மனம் எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும். படம் பார்த்த ஒருவர், ‘அந்த மனுஷன் இப்போ உயிரோட இருக்காரா?’ என்று கேட்டபோதுதான் நான் செய்தது எனக்கு உறைத்தது.

அது மேய்ச்சல் மாட்டைக் கட்டும் கயிறு. முளையில் கட்டிய மாடு எட்டிய மட்டும் மேய்ந்து தீர்த்துவிட்டது. கயிறு இழுத்துப் பிடிக்கிறது, இனி ஓரடி நகர முடியாது. பொறுமையும் தெம்பும் தீர்ந்துபோன நிலை அது. அமெரிக்கர்கள் டெதருக்குப் பதில் ‘ரோப்’ என்பார்கள், பொருள் ஒன்றுதான். நான் எழுதியிருக்க வேண்டிய வரி ‘இதுக்கு மேல என்னால முடியாது’.

அதற்குப் பிறகு ஆங்கிலம் பேசுபவர்கள் நொந்துபோய்ப் பேசும் வரிகளை ஒரு நோட்டில் குறித்துவைக்க ஆரம்பித்தேன். மொழிபெயர்ப்பவர்களுக்கு மட்டுமல்ல, ஆங்கிலம் பேசும் நண்பரோ, உடன் வேலை செய்பவரோ இருக்கிற யாருக்கும் அது உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில், பெரிய சொற்களை நம்பாதீர்கள். ‘ஹோப்லெஸ்’ என்றால் நம்பிக்கையற்ற நிலை என்றுதான் படித்திருப்போம். ஆனால் ‘ஐம் ஹோப்லெஸ் அட் மேத்ஸ்’ என்பவருக்கு மனதில் ஒரு துயரமும் இல்லை, கணக்கு வராது, அவ்வளவுதான். ‘டெஸ்பரேட்’, ‘டிஸ்பேர்’ இரண்டும் நம்பிக்கை இழப்பதைக் குறிக்கும் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை. ஆனாலும் இன்று ‘டெஸ்பரேட் ஃபார் எ கப் ஆஃப் டீ’ என்பவர் தேநீருக்குத் தவிக்கிறார் என்றுதான் பொருள். பிள்ளை மறுபடியும் சாவியைத் தொலைத்துவிட்டால் பிரிட்டிஷ் அம்மா ‘ஐ டிஸ்பேர் ஆஃப் யூ’ என்பார். ‘உன்னை வச்சுக்கிட்டு நான் என்னதான் பண்றது’ என்று நம் வீட்டில் சொல்லும் அதே சலிப்பு. ‘ஐ வாண்டட் டு டை’ என்று சிரித்துக்கொண்டே சொன்னால் பெரும்பாலும் கூச்சத்தைச் சொல்கிறார். நாமும் ‘செத்தேன்’ என்கிறோமே, அது போல.

உண்மையான பாரம் சின்னச் சொற்களில் இருக்கிறது. இங்கேதான் நிறுத்தி நிதானமாகக் கேட்க வேண்டும்.

‘எனிமோர்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஐ டோன்ட் கேர்’ என்றால் அலட்சியம், சில நேரம் கோபம். ‘ஐ டோன்ட் கேர் எனிமோர்’ என்றால் ஒரு காலத்தில் அக்கறை இருந்தது, இப்போது வற்றிவிட்டது என்று பொருள். ‘ஐ காண்ட் டூ திஸ்’ என்பதும் ‘ஐ காண்ட் டூ திஸ் எனிமோர்’ என்பதும் அப்படித்தான் வேறுபடுகின்றன. முன்னது ஒரு வேலையைப் பற்றி இருக்கலாம். பின்னது வந்தால் ‘திஸ்’ என்று அவர் எதைச் சொல்கிறார் என்று யோசிப்பேன். சில சமயம் அது வேலை, சில சமயம் திருமணம், சில சமயம் வாழ்க்கை.

‘ஈவன்’ நம் ‘கூட’தான். ‘ஐ காண்ட் ஈவன்’ என்று இளைஞர்கள் வாக்கியத்தைப் பாதியில் விட்டால் அது வேடிக்கை. ‘ஐ காண்ட் ஈவன் க்ரை’ என்று முடித்தால் ‘அழக்கூட முடியல’. தமிழில் கேட்டால் உங்களுக்கு எப்படி நெஞ்சை அடைக்குமோ, அங்கேயும் அப்படித்தான்.

‘பாயிண்ட்’ இன்னொன்று. ‘நோ பாயிண்ட் வெயிட்டிங்’ என்றால் காத்திருந்து பயனில்லை, கிளம்பலாம். பின்னால் எதுவும் வராமல், குரல் தணிந்து, ‘வாட்ஸ் தி பாயிண்ட்’ என்று மட்டும் வந்தால் அவர் கேள்வி கேட்கவில்லை. பதில் இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்.

‘எ பிட்’ பற்றி நான் கற்றுக்கொண்டது வருத்தத்தோடு. பல மாதம் என்னோடு மின்னஞ்சலில் வேலை செய்த ஒரு பிரிட்டிஷ் படத்தொகுப்பாளர், ஒரு கடிதத்தின் கடைசி வரியில் ‘ஸ்ட்ரக்லிங் எ பிட் அட் தி மோமெண்ட்’ என்று எழுதியிருந்தார். ‘கொஞ்சம்’ என்றுதானே சொல்கிறார் என்று அன்றைக்கே அடுத்த கோப்பை அனுப்பினேன். அடுத்த வாரம் வேலையை விட்டுப் போனவர், திரும்ப எழுத நான்கு மாதம் ஆயிற்று. பிரிட்டிஷ்காரர்கள் துயரத்தைக் குறைத்துச் சொல்லிப் பழகியவர்கள். ‘எ பிட் லோ’, ‘நாட் கிரேட்’, ‘பீன் பெட்டர்’ எல்லாம் கதவை ஒரு விரற்கடை திறந்து வைப்பது மாதிரி. அதைத் தள்ளித் திறந்து உள்ளே வரலாமா என்று கேட்பது நம் பொறுப்பு. எப்போதும் கலகலப்பாக எழுதும் ஒருவர் திடீரென்று ‘எ பிட்’ என்றால் அதை இரண்டு மடங்காக எடுத்துக்கொள்ளுங்கள்.

உருவகங்கள் ஏராளம், ஆனால் அவை ஓடும் திசைகள் சிலவே. துயரம் கீழே இறங்குகிறது: டவுன், லோ, சிங்க்கிங். இருட்டில் இருக்கிறது. அடைத்துப் போடுகிறது: ஸ்டக், ட்ராப்ட், நோ வே அவுட். ‘அட் மை விட்ஸ் எண்ட்’ என்பது அறிவு ஓடவில்லை என்ற தவிப்பு. 1611-இல் வந்த ஆங்கில பைபிளின் 107-ஆம் சங்கீதத்தில் புயலில் சிக்கிய மாலுமிகளைப் பற்றி இந்தச் சொற்றொடர் வருகிறது. ‘பிளாக் டாக்’ என்ற பெயரைச் சர்ச்சில் தன் மனச்சோர்வுக்கு வைத்திருந்தார், அவருக்கு முன் 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கில அகராதி தொகுத்த எழுத்தாளர் சாமுவேல் ஜான்சனும். அதை ‘கறுப்பு நாய்’ என்று அப்படியே எழுதினால் தமிழில் யாருக்கும் புரியாது, ‘பழைய சோர்வு திரும்ப வந்துடுச்சு’ என்று எழுதுவேன்.

‘ராக் பாட்டம்’ என்பதில் காலத்தைக் கவனியுங்கள். தோண்டிக்கொண்டே போனால் கடைசியில் தட்டும் பாறை அது. ‘ஐ ஹிட் ராக் பாட்டம்’ என்று இறந்தகாலத்தில் சொல்பவர் பெரும்பாலும் மேலே ஏறி வந்தவர், திரும்பிப் பார்த்துப் பேசுகிறார். அடியில் கிடப்பவருக்கு இன்னும் எவ்வளவு ஆழம் என்று தெரியாது.

சொல்லின் எண்ணிக்கையும் பேசும். மனச்சோர்வில் இருந்த கல்லூரி மாணவர்களின் கட்டுரைகளில் ‘ஐ’ என்ற சொல் மற்றவர்களுடையதைவிட அதிகம் என்று 2004-இல் வந்த ஆய்வு காட்டியது. 2018-இல் வந்த இன்னொன்று, மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் பற்றிய இணையக் குழுக்களில் ‘ஆல்வேஸ்’, ‘நத்திங்’, ‘கம்ப்ளீட்லி’ போன்ற அறுதியான சொற்கள் கூடுதலாக வருவதைக் கண்டது. நம்மவர் இதே இடத்தில் ‘தலையெழுத்து’ என்று விதி மேல் போடுவதைக் கேட்டிருக்கிறேன். பேட்டிகளில் ஆங்கிலக்காரர் ‘ஐ ஆல்வேஸ் ருயின் எவ்ரிதிங்’ என்று தன் மேலேயே போட்டுக்கொள்வதைத்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். அதை ‘என் விதி’ என்று மொழிபெயர்த்தால் அவர் தன்னைக் குற்றம் சாட்டிக்கொள்வதை அழித்துவிடுகிறோம். ‘நான் தொட்டது எதுவும் உருப்படாது’ என்று எழுதினால் பழி அவர் மேலேயே நிற்கும்.

சில வரிகளை எடை போடாதீர்கள், நேராக எடுத்துக்கொள்ளுங்கள். ‘எவ்ரிவன்’ஸ் பெட்டர் ஆஃப் விதவுட் மீ’, ‘ஐ ஜஸ்ட் வாண்ட் இட் டு ஸ்டாப்’, ‘யூ வோன்ட் ஹாவ் டு வொரி அபவுட் மீ மச் லாங்கர்’. இவை சிரிப்போடு வந்தாலும் கேளுங்கள். சுற்றி வளைக்காமல், ‘ஆர் யூ திங்க்கிங் அபவுட் சூசைட்?’ என்றே கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம், கேட்பதால் அது வருவதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. பேசும்போது ‘கமிட் சூசைட்’ என்பதில் வரும் ‘கமிட்’ என்ற வினையைத் தவிருங்கள். அது குற்றத்துக்கான சொல். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1961 வரை தற்கொலை சட்டப்படி குற்றமாக இருந்தது, அந்தக் கறை சொல்லில் தங்கிவிட்டது. ‘டைட் பை சூசைட்’ என்பதே இப்போது பலரும் விரும்பும் வடிவம்.

ஆமாம் என்று பதில் வந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். பிரிட்டனில் 1953-இல் தொடங்கிய சமாரிட்டன்ஸ் என்ற தொண்டு அமைப்பினர் 116 123 என்ற எண்ணில் அழைப்பவர் பேசுவதைக் கேட்கிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 988. ஆஸ்திரேலியாவில் லைஃப்லைன் என்ற உதவி எண், 13 11 14. உயிருக்கு உடனடி ஆபத்து என்று தோன்றினால் அந்த நாட்டின் அவசர எண்.

அவ்வளவு தூரம் போகாத நாட்களுக்கும் என்ன சொல்வது என்று தெரிந்திருக்க வேண்டும். ‘டோன்ட் வொரி’, ‘பி பாசிட்டிவ்’ இரண்டும் பேச்சை மூடிவிடும். ‘ஐ அண்டர்ஸ்டாண்ட்’ என்றால் ‘உனக்கென்ன தெரியும்’ என்று அவருக்குத் தோன்றலாம். ‘தட் சவுண்ட்ஸ் ரியலி ஹார்ட்’ என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். மௌனம் வந்தால் வரட்டும். அவர் சொன்ன சொல்லையே திருப்பிக் கேட்பதும் உதவும்: ‘ட்ராப்ட்’ என்றால், ‘ட்ராப்ட் ஹவ்?’ அப்புறம் ‘லெட் மீ நோ இஃப் யூ நீட் எனிதிங்’ என்று பொதுவாக விட்டுவிடாதீர்கள். அந்த நிலையில் இருப்பவரால் கேட்டுப் பெற முடியாது. ‘கேன் ஐ கால் யூ டுமாரோ அட் நைன்?’ என்று நேரத்தோடு கேளுங்கள். சரி என்றால், ஒன்பதுக்குக் கூப்பிட்டுவிடுங்கள்.